பதினாலாயிரம் கிலோமீட்டர்

வீட்டில் பூமி உருண்டை இருந்தால் ஒரு சின்ன காரியம் செய்து பாருங்கள். நூல் ஒன்றை எடுத்து, ஒரு முனையைச் சென்னையிலும் மறுமுனையை சான் ஃபிரான்சிஸ்கோவிலும் வைத்து இறுக்கிப் பிடியுங்கள். பள்ளிக்கூட மேப்பில் பழகிய கண்ணுக்கு, நூல் ஏதாவது ஒரு சமுத்திரத்தை நேராகத் தாண்டும் என்றுதான் தோன்றும். ம்ஹும். சீனா, சைபீரியா, அலாஸ்கா என்று உலகத்தின் தலைமேல் ஏறி இறங்கும். சுமார் 13,900 கிலோமீட்டர். மணிக்கு 900 என்று வகுத்தால் பதினைந்தரை மணி நேரம். என் பி.காம். அறிவு இத்தோடு சரி.

நிஜத்தில் அதற்குள் முடியாது. சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேர் விமானம் கிடையாது. துபாயிலோ சிங்கப்பூரிலோ இறங்கி, நாற்காலியில் தூங்கி வழிந்து, மறுபடி ஏற வேண்டும். ஒரே மூச்சில் பறப்பது அத்தனை லேசுப்பட்ட வியாபாரம் இல்லை. எரிபொருளைத் தூக்கிக்கொண்டு பறக்கவே எரிபொருள் செலவாகும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-ல் நியூயார்க்குக்குப் பக்கத்து நெவார்க்குக்கு நேராகப் பறக்க ஆரம்பித்து, நாலு இன்ஜின் விமானத்துக்குத் தீனி போட்டு மாளாமல் 2013-ல் நிறுத்தியது. ரெண்டே இன்ஜினில் அதே தூரம் போகும் விமானம் வந்த பிறகுதான், 2018-ல் மறுபடி ஆரம்பித்தார்கள்.

காற்று வேறு இருக்கிறது. 2016-ல் ஏர் இந்தியா தன் டெல்லி - சான் ஃபிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் கூடியது, நேரம் குறைந்தது! மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளிவிடுகிறது.

இந்தக் கணக்கெல்லாம் கும்பகோணத்தில் ஒரு திண்ணையில் ஒருநாள் பூராவும் என் தலையில் ஓடியது. சில வருஷம் முன்பு, ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை விடிகாலையில் பெரியப்பா போய்விட்டார். ஒரே பையன் சான் ஹோசேயில். ஐஸ் பெட்டி வந்தது. "பேப்பர்காரன்தானே, எப்ப வருவான்னு சொல்லுப்பா" என்று ஆளாளுக்கு என்னைக் கேட்டார்கள். விமானம் இருபத்துநாலு, சென்னையிலிருந்து கார் ஆறு, வியாழக்கிழமை காலை என்றேன்.

மத்தியானம் தம்பி போன் செய்தான். "வந்துடுவேண்ணா. திரும்பிப் போகத்தான் முடியாது."

விசா ஸ்டாம்ப் காலாவதி. அங்கேயே இருக்கும்வரை பிரச்னை இல்லை. வெளியே வந்துவிட்டால், இங்கே தூதரகத்தில் தேதி வாங்கி, புது முத்திரை குத்தினால்தான் மறுபடி உள்ளே போகலாம். தேதி எப்போது கிடைக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அங்கே அவன் மனைவிக்கு எட்டாவது மாசம். வரும் வழிக்கு மணிக்கணக்கு இருந்தது, போகும் வழிக்கு இல்லை.

பெரியம்மாதான் முடிவு செய்தாள். "அவளைத் தனியா விட்டுட்டு வரவேணாம்னு சொல்லு."

புதன்கிழமை காலை பத்து மணிக்கு சித்தப்பா மகன் கொள்ளி வைத்தான். நான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரையில் சட்டையில்லாமல் ஈரத்தலையோடு தம்பி. அவனுக்குப் பின்னால் ஜன்னல் இருட்டாக இருந்தது. அங்கே இன்னும் செவ்வாய்க்கிழமை, ராத்திரி ஒன்பதரை.