மலைச்சாலையும் மோட்டார் அபிமானிகளும்

கம்பளை நகரின் கராஜ்களில் மாலைவேளைகளில் கூடுகின்ற மோட்டார் அபிமானிகளின் சம்பாஷணையை அருகிலிருந்து கேட்பவர், புதிய வாகனங்கள் யாவும் ஒரே முகச்சாயலுடன் வருகின்றன என்றும், கண்ணாடித் திரையைத் தடவிக்கொண்டு வண்டி ஓட்டுவது சாரத்தியம் ஆகாதென்றும் அவர்கள் சொல்லும் குறைகளை, முதுமையின் முணுமுணுப்பென்று ஒதுக்கிவிடக்கூடும். நான் அவ்வாறு ஒதுக்கத் துணியேன். அந்தக் குறைகளுக்குள்ளே, மலைநாட்டில் வாழ்கின்ற நாம் அவசியம் செவிகொடுக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது.

அவர்களுடைய பிரீதிக்கெல்லாம் பாத்திரமான வண்டி மொரிஸ் மைனர். அலெக் இஸிகோனிஸ் வகுத்த அந்தக் கார், 1948 இல் வெளிவந்து 1971 வரை இங்கிலாந்தில் உற்பத்தியாயிற்று. மாதிரி வண்டி ஒடுங்கித் தோன்றவே, அதை நெடுக்காக இரண்டாய் அறுத்து, நடுவே நான்கு அங்குலம் கூட்டி அவர் திருப்தியடைந்தார் என்பது பிரசித்தமான வரலாறு. பொனற்றின் நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் தட்டையான பட்டையில் அந்த நான்கு அங்குலத்தை இன்றும் விரலால் தடவிப் பார்க்கலாம். ஒரு மனிதனுடைய யோசனையும் திருத்தமும் இவ்வாறு தகட்டிலேயே எழுதியிருப்பதனால்தான், அதன் மீது இத்தனை வாஞ்சை வைக்க முடிகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஆயினும் அழகைப் பற்றிய விவாதத்தைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது சாலை. ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு அடி உயரத்திலுள்ள கம்பளையிலிருந்து, புசல்லாவை, இறம்பொடை வழியாக, ஆறாயிரம் அடிக்கு மேலான நுவரெலியாவுக்கு ஏறுகின்ற ஏ-5 பாதையில், எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்பது பழைய சாரதிகள் இளையவர்களுக்குச் சொன்ன முதல் உபதேசம். தாழ்ந்த கியரில் இறங்கும்போது இயந்திரமே வண்டியைப் பின்னிழுத்துப் பிடிப்பதால் பிரேக்குக்கு வேலை குறைகிறது. அப்போது எழும் உறுமல், சரிவு எவ்வளவென்பதைச் சாரதியின் காதுக்கும் காலுக்கும் இடைவிடாது அறிவித்துக்கொண்டே வருகிறது. இன்றைய தானியங்கிக் கியர் வண்டியோ, சத்தமற்ற அறைக்குள், ‘டி’ என்ற எழுத்தில் நின்றபடியே, மலையையும் சமவெளியைப் போலக் காட்டி இறங்குகிறது. சாரதி வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிக்கிறார், தகடு காய்கிறது, பிடிமானம் தளர்கிறது, சூடு பிரேக் எண்ணெய்வரை ஏறி அது கொதிக்கத் தொடங்கினால், மிதித்த கால் வெறுமையில் அமிழ்கிறது. நீண்ட இறக்கத்தின் முடிவில் ஓரமாய் நிற்கும் கார்களின் சக்கரங்களிலிருந்து வருகின்ற கருகல் நாற்றம், இப்பாதையில் பிரயாணம் செய்வோருக்குப் புதிதன்று. 2025 மே 11 அன்று கொத்மலை கெரண்டி எல்லப் பகுதியில் பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நினைப்போர், காரணம் எதுவாயினும், இம்மலை எத்தகையதென்பதை மறக்க மாட்டார்கள்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். மொரிஸ் மைனரின் டிரம் பிரேக்கையும் பட்டியற்ற ஆசனத்தையும், இன்றைய வண்டியின் காற்றுப்பைக்கும் சறுக்காத பிரேக்குக்கும் ஈடாகச் சொல்பவர் தம் குடும்பத்தை நினைத்துச் சொல்லவில்லை. நம் அபிமானிகள் ஏளனம் செய்கின்ற 660 சீசீ ஜப்பானியச் சிறு கார், அந்நாட்டுச் சட்டப்படி 1.48 மீற்றருக்கு மேல் அகலமாக இருக்க முடியாது. அதாவது மொரிஸ் மைனரைவிடவும் ஒடுங்கியது. தோட்டத்துப் பாதைகளுக்கு அதைவிடப் பொருத்தமான புதிய வண்டியை நான் அறியேன். அகலத்தில் 1.75 மீற்றரைத் தாண்டிய பெரிய கார்கள் புசல்லாவை வளைவொன்றில் பேருந்துக்கு எதிர்ப்படும்போதுதான் சங்கடம் விளைகிறது. வளைவுக்கு முன் ஹோர்ன் அடிப்பதும், ஏறிவரும் வண்டிக்கு இறங்குபவர் ஒதுங்கி இடம் தருவதும், மூடுபனியில் விளக்கைத் தாழ்த்துவதுமாகிய பழைய மரியாதைகள், அகலமான வண்டியின் தைரியத்தில் தேய்ந்து வருவதை நான் மிகுந்த விசனத்துடன் பார்க்கிறேன்.

திரையைப் பற்றிய முறைப்பாடும் வீண் அன்று. ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைப் பரீட்சிக்கும் யூரோ என்கேப் அமைப்பே, 2026 முதல், சமிக்ஞை விளக்கு, ஹோர்ன், மழைத்துடைப்பான் முதலியவற்றைக் கையால் உணர்ந்து இயக்கும் விசைகள் இல்லாத வண்டிக்கு முழு மதிப்பெண் தருவதில்லை என்று தீர்மானித்தது.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்குத் திறக்கப்பட்டபின், அதுவரை பழைய வண்டியைத் திருத்தித் திருத்தி ஓட்டியவர் பலர் முதன்முறையாகத் தானியங்கிக் கியருக்கு மாறுகின்றனர். இறக்கத்தில் இயந்திரத்தால் வண்டியைப் பிடிக்கும் வசதி அவற்றிலும் உண்டு. சிலவற்றில் ‘எல்’ என்றும், டொயோட்டாவின் ஹைபிரிட் வண்டிகளில் ‘பி’ என்றும் கியர்த்தண்டின் அருகே பொறித்திருக்கிறது. அந்த எழுத்து எதற்கென்று அறியாமலே ஆண்டுக்கணக்காக ஓட்டுவோர் இருக்கின்றனர். வண்டியை விற்பவர், சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன் அதைத் தொட்டுக் காட்டட்டும்; சாரதிப் பயிற்சி தருவோர், கம்பளைக் கடைவீதியைச் சுற்றுவதோடு நில்லாமல், மாணவனை இறம்பொடைவரை ஏற்றிச் சென்று, கம்பளைக்கு அந்தக் கியரிலேயே இறக்கி அழைத்து வரட்டும்.