இயந்திரக் கோளாறு என்னும் இரண்டு சொற்கள்

கடலுக்குச் சென்ற படகு குறித்த நேரத்தில் கரை திரும்பாவிட்டால், பத்திரிகையில் பெரும்பாலும் ‘இயந்திரக் கோளாறு’ என்ற இரண்டு சொற்களே காரணமாக அச்சேறும். செய்தி மேசையில் பல்லாண்டுகள் இருந்தவன் என்ற வகையில் அச்சொற்கள் எனக்கு மிகவும் பழக்கமானவை. அவற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதை விளக்கியவர், குருநகரில் படகு இயந்திரங்கள் திருத்தும் முதியவர் ஒருவர்.

“ஐயா, மெசினுக்கு ஒரு வருத்தமும் இல்லை. வயர் மூட்டிலதான் வருத்தம்” என்றார் அவர்.

உட்பொருத்திய டீசல் இயந்திரத்தை முடுக்கும் ‘ஸ்ராட்டர்’, 12 வோல்ட் பற்றரியிலிருந்து ஒரு கணத்தில் 200 அம்பியர் அளவு மின்னோட்டத்தை இழுக்கக்கூடும். உப்புக்காற்றால் பச்சைக்களிம்பு பிடித்த மூட்டொன்றில் ஓர் ஓமின் நூறில் ஒரு பங்குத் தடை இருந்தாலே 2 வோல்ட் அங்கு தொலைந்துவிடும்; 400 வாற் வெப்பம் அந்தச் சிறிய இடத்திலேயே பிறக்கும். விளக்குக்கோ சில அம்பியர்களே போதும் என்பதால் அது பிரகாசமாக எரியும். ஆகவே குறை மூட்டில் இருப்பது எவர் கண்ணுக்கும் படாது. கடன்பட்டுப் புதிய பற்றரி வாங்கியும் பயனின்றிப் போவது இதனாலேயே.

அவர் கையாளும் முறை எளிமையானது. வீட்டு மின்கம்பியைப் படகில் இடுவதில்லை. மெல்லிய இழைகள் பல சேர்ந்த, ஒவ்வோர் இழைக்கும் வெள்ளீயம் பூசிய செப்புக் கேபிளையே எடுப்பார். அதன் முனையை, தொழிலாளர் ‘லக்’ என்று சொல்லும் செப்புக் காதினுள் நுழைத்து, அளவுக்கேற்ற அழுத்துக்குறட்டால் நெரிப்பார். பின்னர் இழுத்துப் பார்ப்பார். அசைந்தால் வெட்டியெறிந்து மீண்டும் தொடங்குவார். இறுதியாக, உட்புறம் பசை பூசிய சுருங்கு குழாயை மாட்டிச் சூடாக்குவார். பசை உருகி இடைவெளியை அடைத்துவிடுவதால், நீர் இழைகளுக்கிடையே ஊர்ந்து செல்ல வழியில்லை.

ஈயம் உருக்கி ஒட்டினால் உறுதியாகாதா என்று கேட்டேன். ஈயம் இழைகளுக்குள் ஏறி அவற்றை விறைக்கச் செய்யும். இயந்திரத்தின் அதிர்வில் ஈயம் முடியும் இடத்திலேயே கேபிள் முறியும். மூட்டு கடுமையாகச் சூடேறினால் ஈயமே இளகிவிடும் என்றார். ஈயத்தை மட்டும் நம்பி மூட்டு அமைக்கலாகாது என்பது படகு மின்னமைப்பில் பொதுவாக ஏற்கப்பட்ட விதியும் ஆகும்.

கேபிள் ஆடாதவாறு அரை மீற்றருக்குள் ஒரு பிடி இருத்தல் வேண்டும். பற்றரி முனைகளைச் சுத்தமாக்கி முறுக்கிய பின்னரே கிறீஸ் பூசவேண்டும். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் தொடவேண்டும்.

இவை சிறிய காரியங்களாகத் தோன்றலாம். ஆயினும் பாக்குநீரிணையில் இயந்திரம் நின்ற படகு, நீரோட்டத்தின் போக்கில் 1974ஆம், 1976ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் வகுத்த எல்லைக்கோட்டைத் தாண்டிவிடலாம். அப்புறம் அது விளக்கமறியல், வழக்கு, படகு பறிமுதல் என்று நீளக்கூடும். அதே பற்றரியை நம்பியிருக்கும் வானொலியும் அடங்கிவிட்டால், உதவி கேட்கவும் வழியில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு, ஆள் உயிரோடிருக்கிறாரா என்பதே தெரியாது.

தொழிலுக்குப் போகும் உறவினர் உள்ளவர்கள், அடுத்த தொலைபேசி அழைப்பில் பற்றரியை அல்ல, அதன் மூட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை விசாரியுங்கள்.