பார்க் தெருவில் ஓர் இத்தாலிய விருந்து

லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காயும் காப்பிப்பொடியும் வாங்கிக்கொண்டு, வீடும் அலுவலகமுமாகக் காலங்கழிக்கும் என் போன்றவர்களுக்குக் கல்கத்தாவின் பார்க் தெரு என்பது வேறோர் ஊர். காளிகாட் நிலையத்தில் மெட்ரோ ரயிலேறினால் ஐந்தாவது நிலையம், அவ்வளவுதான் தூரம். ஆயினும் இந்நகரிலேயே பிறந்து முப்பத்தெட்டு வயதை எட்டிவிட்ட நான், அங்குள்ள பெரிய உணவுச்சாலையொன்றில் முதன்முதலாகக் கால்வைத்தது சென்ற கிறிஸ்துமஸ் வாரத்தில்தான்.

என்னைப் பற்றி இரண்டொரு வார்த்தை கூறிவிடுகிறேன். நான் எழுத்தாளனல்லன். தந்தையார் பணியிலிருக்கும்போதே காலமானமையால், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியுடன் ரயில்வேயில் கடைநிலைப் பணியில் சேர்ந்து, பின்னர் இலாகாத் தேர்வெழுதிக் குமாஸ்தாவானவன். கார்டன் ரீச் அலுவலகத்தில் சரக்கு நஷ்டஈட்டுப் பிரிவில் வேலை. மூட்டை குறைந்தது, பெட்டி நனைந்தது என்று வியாபாரிகள் எழுதும் புகார்க் கடிதங்களைப் படித்துக் குறிப்பெழுதுவதே என் பிழைப்பு. இதை ஏன் சொல்கிறேனென்பது பின்னர் விளங்கும்.

இத்தாலிய உணவு இந்நகருக்குப் புதிதன்று. 1869-இல் வைசிராய் மேயோ பிரபுவின் மிட்டாய்க் கலைஞராக இந்தியா வந்த பெலிட்டி என்னும் இத்தாலியர், பிற்பாடு இங்கே சொந்தமாகக் கடை வைத்துப் பெரும்புகழ் ஈட்டினார். பிர்ப்போ என்ற மற்றோர் இத்தாலியரின் உணவுச்சாலை சௌரங்கியில் இருந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவ அதிகாரிகள் அங்கே வந்து குழுமுவார்களாம். அது மூடப்பட்டபின் அக்கட்டடம் அதே பெயரில் கடைவீதியாக மாறி, 2002-இல் தீவிபத்துக்கும் ஆளாயிற்று. எங்கள் அலுவலகத்து வங்காள நண்பர்கள் பழைய பிர்ப்போவைப் பற்றிப் பேசும்போது, தாமே அங்கு உண்டவர்கள் போலப் பேசுவார்கள். ஒருவரும் உண்டவரல்லர், பாட்டனார் சொல்லக் கேட்டவர்கள். வங்காளிகளுக்கு உணவைப் பற்றிய ஞாபகம் பரம்பரைச் சொத்து.

அந்நண்பர்களே என்னை முதன்முறை அழைத்துச் சென்றனர். பார்க் தெருவிலிருந்து பிரியும் ஒரு கிளைத்தெருவில் உள்ளது அந்த இத்தாலிய உணவுச்சாலை. பெயர் இங்கே வேண்டுவதில்லை; கூட்டத்தைக் கண்டே அடையாளம் தெரியும். கிறிஸ்துமஸ் விளக்குகளின் அடியில் ஒரு மணி நேரம் நின்றோம். உள்ளே இடம் கிடைத்தபின் மேலும் முக்கால் மணி. பாஸ்தா வந்தபோது அது ஆறிப்போய், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, களியும் கூழும் கலந்தாற்போலிருந்தது. பண்டிகைக் கூட்டம், பாவம், சமையற்காரர் என்ன செய்வார் என்று எண்ணிக்கொண்டேன். நண்பர்களும், "இன்னொரு நாள் வந்து பாருங்கள்" என்றார்கள்.

அந்தப் பண்டத்தின் இலக்கணத்தைப் பிற்பாடு படித்தறிந்தேன். உலர்ந்த பாஸ்தாவை 'டியூரம்' என்னும் கெட்டிக் கோதுமை ரவையினால்தான் செய்யவேண்டுமென்று இத்தாலியில் 1967-இல் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். கொதிநீரில் வெந்து, நடுவில் மட்டும் இம்மியளவு உறுதி நிற்கும்போது வடித்துவிடவேண்டும். பல்லுக்குத் தட்டுப்படவேண்டும் என்ற பொருளில் அப்பதத்தை 'அல் தெந்தே' என்கிறார்கள். சேவை பிழியும் வீட்டில் பிறந்த எவருக்கும் இது சொல்லாமலே புரியும். ஒரு நிமிஷம் தவறினால் சேவையும் குழைந்துதானே போகிறது? அதன் மேல் ஊற்றும் தக்காளிக் குழம்போ இத்தாலியருக்கும் வந்த பொருளே. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து பதினாறாம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவுக்குச் சென்றது. நம் வீட்டு ரசத்தில் அது புகுந்தது அதற்கும் பிந்தி. ஆகவே, அந்நிய உணவென்று முகஞ்சுளிக்க எனக்கு எண்ணமில்லை. நேப்பிள்ஸ் நகரத்தாரின் பீட்ஸா செய்யும் கலையை யுனெஸ்கோ 2017-இல் மானுட மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் கல்கத்தாவின் துர்க்கா பூஜை அதே பட்டியலில் 2021-இல் சேர்ந்தது. இரண்டும் ஒரே பந்தியில் அமர்ந்திருக்கின்றன.

சித்திரை மாதத்து முதல் ஞாயிறன்று குடும்பத்தோடு மறுபடி அங்கே சென்றோம். என் மகள் ஆண்டுத் தேர்வில் வகுப்பில் முதலாவதாக வந்திருந்தாள். "என்ன வேண்டும், கேள்" என்றேன். உடன் படிக்கும் பெண்களெல்லாம் போய்வந்த அந்த இடத்தின் பெயரைச் சொன்னாள். "பாட்டியும் வரவேண்டும்" என்றாள். என் அன்னையார் மரக்கறி உணவன்றி வேறு அறியாதவர். தந்தையார் மறைந்தபின் வெளியில் காப்பிகூட அருந்தியதில்லை. பேத்தியின் பொருட்டு, பெட்டியிலிருந்த பட்டுப்புடவையை எடுத்து உடுத்திக்கொண்டு வந்தார்.

உணவுப் பட்டியலில் 'மினஸ்த்ரோனே' என்றொரு சூப்பு இருந்தது. காய்கறிகளும் பயறும் போட்டு வேகவைப்பது, பல்லுக்குச் சிரமமில்லாதது. மேற்பார்வையாளரை அழைத்து, "இது நிராமிஷ் தானே?" என்று வங்காளத்தில் கேட்டேன். நிராமிஷ் என்றால் மாமிசக் கலப்பற்றது என்பது இங்கே தெருக்குழந்தைக்கும் தெரியும். அவர் எங்களைப் பாராமலே தலையசைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

சூப்பு வந்தது. அன்னையார் பாதிக்கிண்ணம் அருந்திவிட்டு, "பருப்புத் தண்ணீர் மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். அப்போது அடுத்த மேஜையிலிருந்த முதியவர் ஒருவர் அதே சூப்பைப் பற்றி ஆங்கிலத்தில் உரத்து விசாரித்தார். அதே மேற்பார்வையாளர் குனிந்து நின்று, "கோழி வேகவைத்த சாற்றில் செய்வது, ஐயா, தங்களுக்கு வேண்டுமானால் தனியாகச் செய்து தருகிறோம்" என்று மிக மரியாதையாகச் சொன்னார்.

என் மனைவியின் கைக்கரண்டி அப்படியே நின்றது. நான் எழுந்து அவரிடம் சென்று கேட்டேன். "மாமிசத் துண்டு ஒன்றும் இல்லையே, சாறுதானே" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், அதுதான் இன்னும் நெஞ்சில் நிற்கிறது. திரும்பி வந்தபோது அன்னையார் கிண்ணத்தைத் தள்ளிவைத்து, கைத்துணியால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எங்கள் முகங்களைக் கண்டே தெரிந்துகொண்டார். "விடுடா. குழந்தை சாப்பிடட்டும். ஒன்றும் பேசாதே" என்றார்.

பீட்ஸா வந்தது. அதன் ஓரம் கருகி நடு ஈரமாயிருந்தது. மகள் ஒரு துண்டு தின்றாள். பிறகு பசியில்லை என்றாள். பாஸ்தா டிசம்பரில் இருந்தபடியே இருந்தது. இம்முறை பண்டிகையுமில்லை, கூட்டத்தின் மேல் பழிபோட வழியுமில்லை. பில் வந்தது: உணவுக்கு 2,600 ரூபாய், சேவைக் கட்டணம் பத்து சதவிகிதம் 260, இரண்டும் சேர்ந்த தொகைக்கு ஐந்து சதவிகித வரி 143, ஆக 3,003 ரூபாய். எந்தச் சேவைக்கு 260 ரூபாய் என்று கேட்க வாய் வரவில்லை. நாள்தோறும் பிறருடைய புகார்களில் கையொப்பம் இல்லை, ரசீது இல்லை என்று குற்றங்கண்டு திருப்பியனுப்பும் நான், சுற்றியிருந்தவர்களின் கண்களுக்கு அஞ்சி, எண்ணிப் பணத்தை வைத்துவிட்டு வெளியே வந்தேன். மெட்ரோவில் ஒருவரும் பேசவில்லை.

அன்றிரவே அன்னையார் தலைக்கு நீராடினார். மறுநாள் முழுவதும் மோர் மட்டுமே அருந்தினார். என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. கடிந்துகொண்டிருந்தால் எனக்குச் சற்று லேசாயிருந்திருக்கும். மூன்றாம் நாள் மாலை, "அந்த ரொட்டியாவது குழந்தைக்குப் பிடித்திருந்ததா?" என்று கேட்டார். பிடித்திருந்தது என்று பொய் சொன்னேன்.

அதன் பிறகே சில விவரங்களைத் தேடி அறிந்தேன். சேவைக் கட்டணத்தைத் தாமாகவே பில்லில் சேர்த்துக் கட்டாயப்படுத்தலாகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ஆம் தேதி நெறிமுறை வெளியிட்டது. ஹோட்டல் சங்கத்தார் எதிர்த்து வழக்காடினார்கள்; டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச் 28-இல் அந்நெறிமுறை செல்லுமென்று தீர்ப்பளித்தது. கொடுப்பதும் கொடாததும் உண்பவரின் விருப்பம். முறையிட 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. இன்னொன்று: இத்தாலியரின் புகழ்பெற்ற பார்மிஜானோ என்ற பாலாடைக்கட்டியை அவர்கள் நாட்டில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டுதான் உறையவைக்கிறார்கள். ஆகவே, கண்டிப்பான மரக்கறி உணவினர், "மாமிசம் உண்டா?" என்று மட்டும் கேட்பது போதாது. எந்த நீரில் வெந்தது, எதனால் உறைந்தது என்று கேட்கவேண்டும். கேட்டுவிட்டு, பதில் சொல்பவர் நம் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாரா என்றும் கவனிக்கவேண்டும்.

வைகாசியில் துணிவு வந்து, அலுவலக முறைப்படியே ஒரு புகார்க் கடிதம் எழுதினேன். நாள், நேரம், மேஜை எண், பில்லின் நகல் எல்லாம் இணைத்தேன். பணம் கேட்கவில்லை, பட்டியலில் அந்தச் சூப்புக்கு எதிரே கோழிச்சாறு என்று ஒரு வார்த்தை அச்சிடுங்கள் என்று மட்டும் கேட்டேன். இரண்டு வாரத்தில் பதில் வந்தது. எங்கள் மேலான கருத்துக்கு நன்றி கூறி, அடுத்த வருகைக்கு இருபது சதவிகிதத் தள்ளுபடிச் சீட்டொன்றை அனுப்பியிருந்தார்கள். சூப்பைப் பற்றி அதில் ஒன்றுமில்லை.

சீட்டை மகள் தன் கணக்குப் பெட்டியில் வைத்திருந்தாள். அதன் கெடு ஆடி மாதத்தோடு முடிந்துபோயிற்று.