புது பேட்டரி போட்டும்...

செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். அதற்கு மேல் எதுவும் இல்லை. சரக்கு ஆட்டோவில் ஏற்றிவந்து இறக்கிய வண்டியின் பக்கத்தில், தோளில் துண்டோடு பெரியவர் ஒருவர் நிற்கிறார். மகன் ஷார்ஜாவில் இருக்கிறார். இரண்டு வருடம் கழித்து அடுத்த வாரம் ஊருக்கு வருகிறார். 2014-இல் வாங்கிய 150 சிசி வண்டி, இந்த இரண்டு வருடமும் கீற்றுக் கொட்டகையில் கோணிச் சாக்கு போர்த்திக் கிடந்தது. “பேட்டரி செத்துப்போச்சுன்னு சொன்னாக, ஆயிரத்தைந்நூறு குடுத்துப் புதுசு மாத்தியாச்சு. அப்பவும் இதே டக்குதான் தம்பி.”

தேவகோட்டைக்கு வெளியே, சாலையோரம் தகரம் வேய்ந்த பட்டறை. அங்கே நான் உட்கார்ந்திருந்த ஒரு முற்பகலில் நடந்தது இது. மெக்கானிக்குக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். பெரியவர் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, ஸ்பேனரைத் தொடாமல் ஹாரனை அடித்துப் பார்த்தார். பலமாக ஒலித்தது. ஹெட்லைட்டைப் போட்டு, அதன்மேல் உள்ளங்கையைக் குவித்து வைத்துக்கொண்டு செல்ஃபை அழுத்தினார். வெளிச்சம் கொஞ்சமும் மங்கவில்லை.

“புது பேட்டரி நல்லாத்தான் இருக்குய்யா. ஆனா மோட்டார் அதுகிட்டேருந்து ஒண்ணுமே வாங்கல. வழியில எங்கயோ அடைப்பு.”

ஸ்டார்ட்டர் மோட்டார் வண்டியிலேயே அதிகக் கரண்ட் தின்னும் உறுப்பு. பேட்டரி பலவீனமாக இருந்தாலோ மோட்டார் இறுகிக் கிடந்தாலோ, பட்டனை அழுத்தியதும் விளக்கு சோர்ந்துவிடும். பேட்டரி ரொம்ப இறங்கியிருந்தால், மோட்டாருக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் ரிலே ‘டக்டக்டக்’ என்று தொடர்ந்து அடிக்கும். சத்தமே வரவில்லை என்றால் ஃப்யூஸ், கிளட்ச் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச் என்று தேட வேண்டும். ஒரே ‘டக்’, விளக்கும் மங்கவில்லை என்றால், ரிலே தன் வேலையைச் செய்துவிட்டது, மோட்டாருக்குத்தான் கரண்ட் போய்ச் சேரவில்லை. பழைய புல்லட்டில் ஹெட்லைட்டுக்கு மேலேயே ஆம்ப் மீட்டர் முள் உண்டு. சாவியைத் திருப்பியதும் அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். திருவொற்றியூரில் தயாரான அந்த வண்டிகளில்தான் இவர் தொழில் கற்றார்.

மல்டிமீட்டரை எடுத்தார். பேட்டரியில் 12.7 வோல்ட். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் உடம்பிலும் வைத்துக்கொண்டு, உதவிக்கு இருந்த பையனிடம் “அழுத்துடா” என்றார். மீட்டர் 9-ஐத் தாண்டியது. அந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே இருப்பது ஒரு தடித்த ஒயர்தான். நல்ல வண்டியில் அங்கே 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். மோட்டாருக்குச் சேர வேண்டியதில் பெரும்பங்கை அந்த எர்த் ஒயரே விழுங்கிக்கொண்டிருந்தது.

ஒயர் இன்ஜினோடு சேரும் போல்ட்டைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. வெளியில் இருந்து பார்த்தால் கறுத்த கிரீஸ் மட்டுமே. உள்ளே வளையத்தின் அடியில் பச்சையாகக் களிம்பு, போல்ட்டின் கழுத்தில் துரு. உப்புத்தாளால் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, முறுக்கி, மேலே வாஸலின் பூசினார். மறுபடி அளந்தபோது 0.1. மோட்டார் உறுமிச் சுற்றியது.

வண்டி மட்டும் பற்றவில்லை.

பெரியவர் முகம் வாடியது. முதலில் பேட்டரியை மாற்றச் சொன்ன ஆளைப் பற்றி அவர் ஏதோ சொல்ல வந்தபோது மெக்கானிக் தடுத்துவிட்டார். பழைய பேட்டரி உண்மையிலேயே செத்துத்தான் போயிருந்தது. லெட்-ஆசிட் பேட்டரி சும்மா இருந்தாலும் தானாக இறங்கும், வெயில் கூடக்கூட வேகமாக இறங்கும். இறங்கிய நிலையிலேயே மாதக்கணக்கில் விட்டால் தகடுகளில் லெட் சல்பேட் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பிடிக்காது. 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கி, பிறகு தளர்த்தப்பட்டபோது, இந்தப் பட்டறை வாசலில் அப்படிச் செத்த பேட்டரிகள் அடுக்கிக் கிடந்தன என்றார். நெடுநாள் கிடந்த வண்டியின் சிக்கலே இதுதான். ஓடுகிற வண்டியில் பெரும்பாலும் ஒன்றுதான் கெடும். கிடந்த வண்டியில் மூன்று நான்கு சேர்ந்து கெட்டிருக்கும். ஒன்றைச் சரிசெய்த பிறகே அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தது வெளியே வரும். முதல் பழுதைச் சரியாகக் கண்டுபிடித்தவர்கூட அதோடு நிறுத்திவிட்டால் ஏமாற்றுக்காரர் என்று பெயர் வாங்கிவிடுவார்.

பழைய பெட்ரோலை முன்பே வடித்து, கார்பரேட்டர் ஜெட்டையும் ஊதி வைத்திருந்தார்கள். அதனால் பார்வை தீப்பொறி மேல் போனது. பிளக்கைக் கழற்றி, அதன் உடம்பு இன்ஜின் உலோகத்தில் நன்றாகப் படும்படி வைத்து, பெட்ரோல் கேனைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு, செல்ஃபை அடித்தார். பொறி இல்லை.

அடுத்து அவர் எடுத்தது மீட்டரை அல்ல, பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் கட்டிய டெஸ்ட் லாம்ப்பை. எனக்கு அது பின்னோக்கிப் போவதுபோல் பட்டது. அவர் விளக்கினார். இணைப்பு களிம்பேறி அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் கிட்டத்தட்ட எதையும் இழுப்பதில்லை. பல்பு கரண்ட்டை இழுக்கும். அரைகுறை இணைப்பால் தாங்க முடியாது, மங்கிவிடும். பொறியை விடும் சி.டி.ஐ. பெட்டிக்கு வரும் ஒயரில் பல்பு பளிச்சென்று எரிந்தது. அந்தப் பாதையில் குறையில்லை.

அதற்கப்புறம்தான் மீண்டும் மீட்டர். மேக்னட் பக்கமிருந்து வரும் பல்சர் காயிலின் கப்ளரைப் பிரித்து அளந்தார். பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கிறது, எப்போது பொறி விட வேண்டும் என்று சி.டி.ஐ.க்குச் சொல்வது இந்தச் சின்னக் காயில்தான். இந்த வண்டியில் 200 ஓம் பக்கம் வர வேண்டும். மீட்டரில் இடது ஓரத்தில் வெறும் ‘1’ நின்றது. பாதை அறுந்திருக்கிறது என்று பொருள். காயிலே போய்விட்டதோ என்று பையன் கேட்க, அவர் ஒயரின் மேல் விரலை மெதுவாக ஓட்டிக்கொண்டே போனார். செயின் கவருக்கு மேலே விரல் நின்றது. எலி கடித்த தடம். கீற்றுக் கொட்டகையில் வைத்தது என்று பெரியவர் சொன்னதை அவர் மறக்கவில்லை.

ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஸ்லீவ் மாட்டி, மறுபடி அளந்தார். காயில் பிழைத்துவிட்டது. பிளக் முனையில் நீலப்பொறி ‘சட்சட்’டென்று குதித்தது. மூன்றாவது முயற்சியில் வண்டி இருமி, புகைந்து, பிறகு நிதானமாக ஓட ஆரம்பித்தது. இன்ஜினைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்து, பேட்டரியில் 14.2 வோல்ட் வருகிறதா என்று பார்த்த பிறகே சாவியைத் திருப்பினார். சார்ஜ் ஏறாவிட்டால் புது பேட்டரியும் ஒரே வாரத்தில் பழைய பேட்டரி ஆகிவிடும்.

எல்லாம் முடிய இரண்டரை மணி நேரம். சாமான் செலவு முப்பது ரூபாய்கூட இல்லை. கூலி நானூறு என்றதும் பெரியவர் ஒரு கணம் தயங்கினார். ஆயிரத்தைந்நூறு ரூபாய் பேட்டரிக்குத் தயங்காத கை அது. அவரைக் குறை சொல்ல முடியாது, கண்ணால் பார்க்கும் பொருளுக்குக் காசு கொடுத்துத்தான் நமக்கெல்லாம் பழக்கம். ஆனால் அந்த இரண்டரை மணி நேரத்தில் ஒரு நல்ல காயிலும் ஒரு நல்ல ஸ்டார்ட்டர் மோட்டாரும் குப்பைக்குப் போகாமல் தப்பின. தேடிக் கண்டுபிடித்ததற்கு என்று பில்லில் ஒரு வரி எழுத இதுபோன்ற பட்டறைகளில் இன்னும் வழியில்லை. அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இந்தத் தேடலும் இப்போது மாறிவருகிறது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பல வண்டிகளில் பெட்ரோலைச் செலுத்துவதே மின்சார பம்ப்தான். சாவி போட்டதும் ‘உய்ங்’ என்று சில நொடி கேட்க வேண்டும். பேட்டரி முழுக்க இறங்கிவிட்டால் அவற்றைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. மெக்கானிக் ஸ்கேனர் வாங்கி அதையும் பழகிக்கொண்டிருக்கிறார்.

பெரியவர் நானூறையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, “மகன் திரும்பிப் போனப்புறம் மாசம் ஒருவாட்டி ரெண்டு நிமிசம் ஓடவிடட்டுமா தம்பி?” என்றார்.

“வேணாங்கய்யா. செல்ஃப் அடிக்கிறப்ப எடுத்தது ரெண்டு நிமிசத்துல திரும்ப ஏறாது. மைனஸ் ஒயரைக் கழட்டி வச்சிருங்க. பேட்டரிய மாசம் ஒருக்கா எங்கிட்ட அனுப்புங்க, சார்ஜ் ஏத்தித் தர்றேன்.”

பத்தாம் நம்பர் ஸ்பேனரை அவர் கையில் கொடுத்தார். பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, மைனஸ் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த நட்டை ஒருமுறை கழற்றி, மறுபடி மாட்டிப் பார்த்தார்.