பால்காரரின் ஐந்தாம் படி

வண்டி வாங்கிய மூன்றாம் நாள் வலது மணிக்கட்டு வலிக்க ஆரம்பித்தது. ஒரே வாரத்தில் வலி முழங்கை வரை ஏறிவிட்டது. கூடவே இடுப்பும் பிடித்துக்கொண்டது. போடியிலிருந்து தேனிக்கு 15 கிலோமீட்டர்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் இறங்கி முதுகை நிமிர்த்துவதற்குள் முதல் மணி அடித்துவிடும். ஐம்பதைத் தொடப்போகிற வயது, இனி இப்படித்தான் என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டோம். தைலம் ஒரு பாட்டில் தீர்ந்தது.

வண்டி 2014-ஆம் வருட சூப்பர் ஸ்பிளெண்டர், 124.7 சிசி. எனக்கு முன்னால் வைத்திருந்தவர் பக்கத்து ஊர்ப் பால்காரர். பத்து வருடம் விடிகாலை நாலு மணிக்கு அதைக் கிளப்பி, பக்கத்துக்கு ஒரு கேன் தொங்கவிட்டு, ஊர் ஊராகப் பால் எடுத்தவர். வாங்கும்போது பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தேன். ஆர்சி புக்கில் இருந்த சேசிஸ் நம்பரையும் வண்டியில் அடித்திருந்த நம்பரையும் ஒப்பிட்டேன். என்ஜின் ஆறியிருக்கும்போது போய், ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறதா, புகை வருகிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. பால்காரர் என்னைவிட ஒரு தலை உயரம் என்பதையும், அவர் ஏற்றிய பாரத்துக்கு வண்டி பழகியிருக்கும் என்பதையும் மட்டும் நினைத்துப் பார்க்கவில்லை.

மார்க்கெட் தெரு மெக்கானிக் பாய்தான் அதைக் கண்டுபிடித்தார். ஆயில் மாற்றப் போனவனிடம் எடுத்த எடுப்பில், “சார், வண்டியில ஏறி உக்காந்து கண்ண மூடுங்க” என்றார். மூடினேன். “கைய நீட்டி ஹேண்டில்பாரப் பிடிங்க. வெரலத் தூக்காம லிவர் மேல வைங்க.” வைத்தேன். விரல் லிவருக்குக் கீழே காற்றில் நின்றது. லிவரைப் பிடிக்க மணிக்கட்டைப் பின்னால் மடக்க வேண்டியிருந்தது. “பாத்தீங்களா? ஒங்க கையில ஒண்ணுமில்ல. லிவர்தான் தூக்கிக் கெடக்கு.”

லிவர் ஹோல்டரின் போல்ட்டைத் தளர்த்தி, மயிரிழை மயிரிழையாகக் கீழே திருப்பினார். முழங்கை, மணிக்கட்டு, விரல்முட்டி மூன்றும் ஒரே கோட்டில் வந்ததும் நிறுத்தி இறுக்கினார். இடது பக்கமும் அப்படியே. கண்ணாடியும் அதே ஹோல்டரில்தான் மாட்டியிருக்கிறது என்பதால் அதையும் திருப்பி வைத்தார். கிளட்ச் லிவரின் நுனியில் ஆட்டமே இல்லாமல் கேபிள் விறைத்துக் கிடந்தது. நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட இடம் வேண்டும். இல்லாவிட்டால் கை விட்ட பிறகும் கிளட்ச் முழுசாகப் பிடிக்காது, பிளேட் தேய்ந்துபோகும். கேபிளைத் தளர்த்தி, உறைக்குள் நாலு சொட்டு ஆயில் விட்டதும் லிவர் பாதி எடை குறைந்தது போல் ஆகிவிட்டது. மொத்தம் இருபது நிமிட வேலை. அடுத்த நாலைந்து நாளில் மணிக்கட்டு வலி போன இடம் தெரியவில்லை. ஒரு போல்ட் செய்த வேலைக்கு வயதைக் குற்றம் சொல்லித் தைலம் தேய்த்திருக்கிறேன்.

இடுப்புவலிக்குக் காரணம் பின்னால் இருந்தது. பின் ஷாக் அப்சார்பரின் அடியில், ஸ்பிரிங்கைத் தாங்கும் வளையத்தைக் குனிந்து பாருங்கள். மாடிப்படி போல வெட்டு வெட்டாக இருக்கும். இந்த வண்டியில் ஐந்து படி. வளையத்தைத் திருப்பத் திருப்ப ஸ்பிரிங் முன்கூட்டியே அழுத்தப்பட்டு விறைக்கும். என் வண்டியின் வளையம் இரண்டு பக்கமும் ஐந்தாம் படியில் நின்றது. பால் கேன்களின் எடைக்கு அது சரி. 58 கிலோ உள்ள ஒருவன் தனியாகப் போகும்போது ஒவ்வொரு வேகத்தடையும் முதுகெலும்பில்தான் இறங்கும். வளையத்தில் மாட்ட, கொக்கி மாதிரி வளைந்த ஸ்பேனர் ஒன்று இருக்கிறது. அதை வாங்கி நானே திருப்பினேன். ஐந்தாம் படியின் பள்ளத்தில் பால் சிந்திக் காய்ந்ததா, மண்ணா என்று தெரியாத ஒரு வெண்மையான பொருக்கு கெட்டிப்பட்டிருந்தது. பல வருடமாக யாரும் அசைத்ததில்லை. முதல் திருப்பலில் கிறீச்சென்று கத்தியது. இரண்டாம் படியில் கொண்டுவந்து நிறுத்தினேன். இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் வளைவில் வண்டி முறுக்கிக்கொள்ளும்.

கியர் லிவரைக் கழற்றி ஒரு பல் மேலே தள்ளி மாட்டப் பாயிடம் சொன்னேன். பால்காரர் செருப்புக் காலோடு ஓட்டியவர், நான் ஷூ போடுகிறவன். சீட்டின் பஞ்சு நடுவில் அமுங்கிப் பள்ளமாகிவிட்டிருந்தது. அதன் மேல் மெத்துமெத்தென்ற உறை ஒன்றைப் போட்டால் போதும் என்று பலர் சொன்னார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. பள்ளம் பள்ளமாகவேதான் இருக்கும், உறை வழுக்கவும் செய்யும். சீட் தைக்கிற கடையில் பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்துத் தைத்தோம்.

உடம்புக்குச் சுகம் வந்த பிறகுதான் உயிருக்கான காரியங்களைப் பார்த்தேன் என்பதை இங்கே சொல்ல வேண்டும். வரிசை தலைகீழாகிவிட்டது. பழைய வண்டி வாங்கும் பிள்ளைகளிடம் இப்போதெல்லாம் முதலில் டயரைப் பார் என்றுதான் சொல்கிறேன். டயரின் பக்கச் சுவரில் சின்ன முட்டைவடிவக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2816 என்றிருந்தால் 2016-ஆம் வருடத்தின் 28-ஆவது வாரத்தில் செய்தது. பின் டயரில் பட்டன்கள் மீதமிருக்கின்றனவே என்று நான் தைரியமாக இருந்தேன். எண்ணைப் படித்த பிறகு விரலால் அழுத்திப் பார்த்தால் ரப்பரில் மயிர்க்கோடு போல வெடிப்புகள். அன்றே மாற்றினேன். ஸ்டிக்கருக்கும் ஏர் ஹாரனுக்கும் வைத்திருக்கிற பணத்தை அங்கே போடுங்கள். பிரேக் பார்ப்பது சுலபம். பெடலை அழுத்தும்போது டிரம்முக்கு வெளியே உள்ள அம்புக்குறி, தட்டில் இருக்கும் கோட்டைத் தொட்டுவிட்டால் ஷூ தேய்ந்துவிட்டது என்று பொருள்.

செயின்தான் என்னை நிறைய யோசிக்க வைத்தது. இந்த வண்டியில் அது முழு கவருக்குள் மறைந்து ஓடுகிறது. மழையும் மண்ணும் படாதது நல்லதுதான். ஆனால் கண்ணில் படாததை யாரும் நினைப்பதும் இல்லை. கவரில் உள்ள ரப்பர் மூடியைப் பிடுங்கிவிட்டு விரலை உள்ளே விட்டுச் செயினைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு அங்குலத்துக்கு மேல் தொங்கியது. ஒரு அங்குலம்தான் ஆடலாம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும். தேய்ந்த செயின் ஓரிடத்தில் தொளதொளவென்றும் ஓரிடத்தில் விறைப்பாகவும் இருக்கும். விறைப்பான இடத்தில்தான் அந்த ஒரு அங்குலத்தை வைக்க வேண்டும். தொளதொளத்த இடத்தைப் பார்த்து இறுக்கினால், விறைப்பான இடம் வரும்போதெல்லாம் பேரிங்கைப் பிடித்து இழுக்கும். செயினை இறுக்கச் சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்தபோது இரண்டு பக்கத்துக் கோடுகளையும் எண்ணிச் சமமாக வைத்தார் பாய். பிறகு பிரேக் ராடின் நட்டையும் திருத்தினார். சக்கரம் பின்னால் போனால் பெடலும் இறுகிவிடும். இதைச் செய்யாமல் விட்டால் பிரேக் பிடித்தபடியே ஓடி, டிரம் தொடமுடியாத சூடாகிவிடும்.

எனக்கு அந்த வண்டியின் மேல் மரியாதை வந்தது இந்த நாட்களில்தான். எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் ஒரு மனிதர் பத்து வருடம் பட்ட பாடு தெரிந்தது. வலது பக்கக் கால்மிதி ரப்பர் மட்டும் வழுவழுப்பாகியிருந்தது. கேனை இறக்க அவர் எப்போதும் அந்தப் பக்கம்தான் ஊன்றியிருப்பார் போலும். நாலு மாதம் கழித்துத் தேனி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சீட்டை உள்ளங்கையால் அழுத்தினார். வண்டி அமுங்கி எழுந்தது. “என்னா சார், இம்புட்டு எளக்கமா வச்சிருக்கீங்க?” என்றார். விவரம் சொன்னேன். “அப்படி ஒண்ணு திருப்பலாம்னே எனக்குத் தெரியாதே” என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டார். வாங்கியதிலிருந்து அவர் அதைத் தொட்டதே இல்லையாம். கேன் இறக்கிவிட்டுத் திரும்பி வருகிற தூரமெல்லாம் அவருக்கும் முதுகு உடைந்துதான் போயிருக்கிறது. அவருடைய புது வண்டி பக்கத்திலேயே நின்றது. குனிந்து வளையத்தைக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீரபாண்டி கோயிலுக்குப் போகலாம் என்றாள் மனைவி. அவள் புடவை மாற்றி வருவதற்குள் கொக்கி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். இடப்பக்கம் ஒரு படி, வலப்பக்கம் ஒரு படி. போகிற வழியில் பின் டயருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று வைத்துக்கொள்ள வேண்டும்.