செபம் தானா நடக்குமா?

ஜூலை மாதம் பிறந்துவிட்டால் சுங்கை பாக்காப்பில் உள்ள எங்கள் வீட்டில் மெழுகுவர்த்திக் கட்டு ஒன்று வாங்கி வைக்கப்படும். 26ஆம் தேதி புனித அன்னம்மாள் திருநாள். புக்கிட் மெர்தாஜாம் கோயிலுக்கு எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய அரைமணி நேரப் பயணம்தான். ஆனாலும் பாட்டி இருந்தவரை அது ஒரு பெரும் யாத்திரை. புளிச்சோறு, தண்ணீர்ப் போத்தல், பாய், விசிறி என்று மூட்டை முடிச்சுகளோடு புறப்படுவோம். இருட்டியதும் ஆயிரமாயிரம் மெழுகுவர்த்திகள் ஏந்திய கூட்டத்தின் நடுவே அன்னம்மாள் சுரூபம் பவனி வரும். தமிழ், ஆங்கிலம், சீனம், மலாய் என நான்கு மொழிகளிலும் செபம் கேட்கும். பாட்டி மட்டும் கூட்டத்தைப் பார்க்கமாட்டார். சுரூபத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்த அன்னம்மாள் யார் என்று கிறிஸ்தவரல்லாத நண்பர்கள் கேட்பதுண்டு. இயேசுவின் தாய் மரியாளுக்குத் தாய். அதாவது, இயேசுவுக்குப் பாட்டி. வியப்பு என்னவென்றால், விவிலியத்தில் இவருடைய பெயர் ஓரிடத்தில்கூட இல்லை. விவிலியத்தில் சேராத, இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பழைய நூலிலிருந்துதான் இப்பெயர் நமக்குக் கிடைத்தது. ஒரு பாட்டியின் பெயரை மக்கள் விடாமல் சொல்லிவந்ததால் அது நிலைத்தது. புக்கிட் மெர்தாஜாமில் 1846ஆம் ஆண்டு பிரெஞ்சு மறைப்பணியாளர்களால் தொடங்கப்பட்ட இந்தத் திருத்தலத்தில் 1888இல் எழுந்த பழைய கோயில் இன்றும் இருக்கிறது. அவசரகாலத்தில் அது மூடிக்கிடந்ததைப் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். 2002இல் பெரிய புதுக்கோயில் வந்தது. 2019இல் வத்திக்கான் இதற்குப் 'பசிலிக்கா' என்னும் சிறப்பை வழங்கியது. இத்தனை பெருமையும் ஒரு பாட்டியின் பெயரில்!

ஆனால், என் சொந்தப் பாட்டியின் பெயரை நான் எப்படித் தவறவிட்டேன் என்பதைச் சொல்லத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் தோட்டத்திலிருந்து வந்தது. செபராங் பிறையின் தென்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புக்குப் பேர்போன இடம். பிறகு ரப்பர் வந்தது, அதன்பின் செம்பனை. எது வந்தாலும் வேலைக்கு நின்றவர்களில் தமிழர்கள் ஏராளம். பாட்டி பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்குப் போய், வெயில் ஏறும்வரை மரம் வெட்டி, பால் தூக்கி, பிற்பகலில் லயத்து வீட்டுக்குத் திரும்புவார். எங்கள் லயத்தில் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும். சாமியார் மாதம் ஒருமுறை வந்தாலே பெரிது. மழைக்காலத்தில் அதுவும் இல்லை.

அப்படியானால் மற்ற நாள்களில் செபம் சொன்னது யார்? பாட்டிதான். மாலையில் மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்து ஏற்றி, பாய் விரித்து, செபமாலையைக் கையில் எடுப்பார். பிள்ளைகள் தூங்கி விழுந்தால் செபத்தை நிறுத்தாமலேயே காலால் ஒரு தட்டுத் தட்டுவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், மூவேளைச் செபமும் பிரார்த்தனை மாலையும் கிறிஸ்து பட்ட பாடுகளின் பதினான்கு நிலைகளும் வரிசை பிசகாமல் மனப்பாடம். லயத்தில் யாராவது இறந்தால் சாமியார் வந்து சேரும்வரை பிணத்தின் அருகே அமர்ந்து செபம் நடத்துவார். பக்கத்து வீட்டில் குறைமாதத்தில் பிறந்த ஆண் குழந்தை மூச்சுக்குத் திணறிய இரவில், அதன் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தவரும் அவரே. உயிர் போகும் ஆபத்தில் யார் வேண்டுமானாலும் அதைக் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது. இன்று அவர் பேரப்பிள்ளை கண்டவர்.

பாட்டி இறந்த சில ஆண்டுகளில் நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டில் இருந்தபோது, எங்கள் வட்டாரக் கத்தோலிக்கத் தமிழர்கள் ஒரு சிறு நினைவு மலர் வெளியிட்டார்கள். "நீதான் தமிழ் படிக்கிற பிள்ளை. தோட்டத்துக் காலத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடு" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அகராதியைப் புரட்டி, அழகழகான சொற்களைத் தேடி எழுதினேன். வந்துபோன சாமியார்களின் பெயர்களைக் கேட்டு எழுதினேன். உபதேசியார்களின் பெயர்களை எழுதினேன். செபக்கொட்டகைக்குப் பலகையும் தகரமும் கொடுத்த கங்காணியின் பெயரையும் எழுதினேன். பிறகு இப்படி ஒரு வரி: 'சாமியார் வராத நாள்களில் லயத்து வீடுகளில் செபமாலை தொடர்ந்து நடந்து வந்தது.'

மலர் வெளியான ஞாயிற்றுக்கிழமை, பழைய பக்கத்து வீட்டு அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். குறைமாதப் பிள்ளையைப் பெற்றவர். தம் பேத்தியை வாசிக்கச் சொல்லி முழுவதையும் கேட்டிருந்தார்.

"ஏம்மா, நல்லாத்தான் எழுதியிருக்கே. செபம் நடந்து வந்துச்சுன்னு போட்டிருக்கியே, செபம் தானா நடக்குமா?"

நான் விழித்தேன்.

"என் மவன் தலையில தண்ணி ஊத்துனது யாரு? அது தானா ஊத்திக்கிச்சா? தகரம் குடுத்தவன் பேரு இருக்கு. உங்க பாட்டி பேரு எங்க?"

அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

மொழிக் கழகத்து நண்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'நடந்தது' என்பது தன்வினை. 'நடத்தினார்' என்பது பிறவினை. முதல் வகுப்பு இலக்கணம். தேர்வில் இதற்கு முழு மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால், 'நடத்தினார்' என்று எழுதினால் 'யார்?' என்ற கேள்வி வரும். ஒரு பெயர் சொல்லியாக வேண்டும். சாமியாருக்கும் உபதேசியாருக்கும் பதவி இருந்தது. பெயர் தானாக வந்தது. பாட்டி செய்ததை நான் வேலையாகவே எண்ணவில்லை. வீட்டில் சோறு வெந்தது, துணி காய்ந்தது, செபம் நடந்தது. அவ்வளவுதான்!

அதன்பிறகு விவிலியத்தையும் வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். புனித பவுல் உரோமையருக்கு எழுதிய மடலின் கடைசி அதிகாரத்தின் தொடக்கத்திலேயே பெய்பா என்ற பெண்ணைத் திருச்சபையின் தொண்டர் என்று அறிமுகம் செய்கிறார். அந்த மடலை உரோமைக்குக் கொண்டுசென்றவரே அவர்தான் எனப் பல அறிஞர்கள் கருதுகின்றனர். ஆனால், கத்தோலிக்க வழிபாட்டு வாசக அட்டவணையில் அந்த அதிகாரம் மூன்றாம் வசனத்திலிருந்துதான் தொடங்குகிறது. பெய்பா வருவது முதல் இரண்டு வசனங்களில்! உயிர்த்த இயேசுவை மகதலா மரியா கல்லறைத் தோட்டத்தில் சந்திக்கும் பகுதியும் அப்படித்தான். உயிர்ப்பு ஞாயிறு பகல் பூசையின் நற்செய்தி, யோவான் 20ஆம் அதிகாரத்தின் ஒன்பதாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. மரியாவின் சந்திப்பு செவ்வாய்க்கிழமைதான் வாசிக்கப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எத்தனை பேர் செவ்வாய்க்கிழமை வருவார்கள்? இதில் யாருடைய கெட்ட எண்ணமும் இருக்கவேண்டியதில்லை. என் எழுத்தில் இருந்ததா என்ன? பெயர் இப்படித்தான் சத்தமில்லாமல் நழுவுகிறது.

நழுவிய பெயர்களை மீட்கவும் முடியும். 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ், ஜூலை 22ஆம் தேதி வரும் மகதலா மரியாவின் நினைவை, திருத்தூதர்களின் விழாக்களுக்கு ஒப்பாக விழாவாக உயர்த்தினார். புக்கிட் மெர்தாஜாமில் அன்னம்மாள் நவநாள் நடக்கும் அதே வாரம் அது. 2021இல் வாசகர், பீடத்துணைவர் என்னும் பணிநிலைகள் பெண்களுக்கும் திறக்கப்பட்டன. அதே ஆண்டில் மறைக்கல்வி ஆசிரியர் என்பதும், ஆண் பெண் இருபாலருக்கும் உரிய திருச்சபைப் பணிநிலையாக நிறுவப்பட்டது. பாட்டி எந்தப் பதவியும் இல்லாமல் லயத்து வாசலில் செய்த வேலை அது.

ஒரு செய்தி என்னை மிகவும் தொட்டது. பவுல் தம் சீடர் திமொத்தேயுவுக்கு எழுதும்போது, அவருடைய நம்பிக்கை முதலில் பாட்டி லோயியிடமும் பிறகு தாய் யூனிக்கியிடமும் இருந்தது என்று நினைவூட்டுகிறார். பெயர் சொல்லி எழுதுகிறார்! எந்தப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவியும் சொல்லித்தராமலே அவருக்கு அது தெரிந்திருக்கிறது.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மலர் அச்சாகிவிட்டது. மீதமிருந்த பிரதிகளை வாங்கிக்கொண்டேன். ஒரு சிறு தாளில், 'லயத்தில் செபமாலையை நடத்தியவர்கள்' என்று தலைப்பிட்டு, பாட்டியோடு மேலும் நான்கு பெண்களின் பெயர்களை அச்சடித்தேன். அந்த நால்வரையும் சொன்னவர் பக்கத்து வீட்டு அம்மாதான். ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து, பசை தடவி ஒவ்வொரு பிரதியிலும் ஒட்டினேன். அந்த ஆண்டு நவம்பர் 2, கல்லறைத் திருநாள் பூசையில் மக்கள் மன்றாட்டின்போது அந்த ஐந்து பெயர்களையும் வாசிக்கச் சாமியாரிடம் அனுமதி கேட்டேன். "இதற்கு அனுமதி எதற்கு? நீயே வாசி" என்றார். வாசித்தேன். முதல் பெயரிலேயே குரல் கம்மிவிட்டது.

பூசை முடிந்து வெளியே வந்தபோது பக்கத்து வீட்டு அம்மா வாசலில் காத்திருந்தார். பாராட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"மூணாவது பேரைத் தப்பா வாசிச்சிட்டியேம்மா. அவுங்களுக்கு இன்னொரு பேரும் உண்டு. அதுதான் ஞானஸ்நானப் பேரு" என்றார். நான் பேனாவை எடுத்தேன்.

நண்பர்களே, நீங்கள் எந்தச் சமயத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். உங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா 'நடந்திருக்கும்', விளக்கு 'எரிந்திருக்கும்', பொங்கல் 'பொங்கியிருக்கும்'. விடுமுறைக்கு ஊர் போகும்போது வீட்டுப் பெரியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: யார் நடத்தினார்கள்? பெயரைக் கேட்டு, சரியாக எழுதி வையுங்கள். சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.