தீப்பட்டிப் படம்

திருச்செந்தூரில் பிறந்த பையனுக்குத் தீப்பட்டிப் படம் சேர்ப்பதில் மற்ற ஊர்ப் பையன்களுக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. எங்கள் ஊருக்கு எல்லா ஊரும் வரும். மதுரைக்காரர், நாகர்கோவில்காரர், கொங்கு நாட்டிலிருந்து நடந்தே வருகிறவர், கேரளத்துக்காரர் என்று யார் வந்தாலும் பையில் சூடமும் ஒரு தீப்பெட்டியும் இருக்கும். கோயில் வாசலில் அடிக்கிற கடல் காற்றுக்கு ஒரு குச்சியில் சூடம் ஏற்றிவிட முடியாது. நாலு குச்சி, ஐந்து குச்சி கிழித்து, பிறகு பக்கத்தில் நிற்பவர் வேட்டியால் மறைத்துப் பிடித்து, அப்புறம்தான் பற்றும். பெட்டி சீக்கிரம் காலியாகும். காலிப் பெட்டி மணலில் விழும். நாங்கள் பொறுக்குவோம்.

நாழிக்கிணற்றுக்குப் போகும் வழியும் கடற்கரை மணலும்தான் எங்கள் வேட்டைக்காடு. மாசித் திருவிழா, ஆவணித் திருவிழா நாட்களில் நல்ல வேட்டை. கந்த சஷ்டி ஆறு நாளும் எங்களுக்கு அறுவடை. சூரசம்ஹாரத்தன்று சூரன் எந்தத் தலையோடு வருகிறான் என்று ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது நாங்கள் ஜனங்களின் கால்களுக்கு நடுவில் குனிந்துகொண்டிருப்போம். முருகன் அருளால் யாரும் மிதிக்கவில்லை.

நான் சொல்வது 1980ஐ ஒட்டிய காலம். அப்போது தீப்பெட்டி இன்றைய அட்டைப் பெட்டி இல்லை. மெல்லிய மரச் சீவலை மடித்து, நீலத்தாள் சுற்றி, மேலே படம் ஒட்டியிருப்பார்கள். அதைப் பிய்த்து எடுக்க ஒரு பக்குவம் வேண்டும். அவசரப்பட்டு நகத்தால் கிளப்பினால் படத்தின் முதுகு பெட்டியோடு நின்றுவிடும், கையில் வருவது பல்லிளித்த தாள். சட்டியில் தண்ணீர் ஊற்றிப் பெட்டியைக் குப்புற மிதக்கவிட வேண்டும். பசை இளகிப் படம் தானாக நழுவி வரும் வரைக்கும் கையை வைக்கக் கூடாது. அதிக நேரம் விட்டாலோ நீலத்தாளின் சாயம் இறங்கிப் படத்தில் ஏறிவிடும். எடுத்த படத்தைச் சுவரில் ஒட்டிக் காயவிட்டு, பாடப் புத்தகத்துக்குள் வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றிவிடுவோம். ஆச்சி அரைக்க வந்தால் குழவி இருக்காது. அந்த ஏச்சு தனிக் கதை.

சேர்த்த படங்களைப் பந்தயம் வைத்து விளையாடுவோம். மண்ணில் வட்டம் போட்டு நடுவில் படங்களைக் குவித்து, தூரத்திலிருந்து சில்லை எறிய வேண்டும். வட்டத்துக்கு வெளியே தெறித்த படம் எறிந்தவனுக்கு. ஒவ்வொரு படத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. எங்கள் ஊர்ப் பெட்டிக்கடைகளில் விற்கும் கிளிக்கும் ரோஜாவுக்கும் 5. வெளியூர்ப் படம் என்றால் 100. கப்பல் 500. ஒருவன் சிறுத்தையோடு மல்லுக்கட்டுகிற சீட்டா ஃபைட் 1000. இந்த விலையை யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் காயல்பட்டினத்துப் பையன்களிடமும் அதே விலைதான். கிளியிலும் ஒரு நுட்பம் உண்டு. இடது பக்கம் பார்க்கும் கிளி ஒரு கம்பெனி, வலது பக்கம் பார்க்கும் கிளி அதைப் பார்த்துப் போலி அடித்த இன்னொரு கம்பெனி. போலிக்குத்தான் மதிப்பு அதிகம், ஏனென்றால் அது அரிது. வளர்ந்த பிறகு எந்தச் சந்தையிலும் இந்த நியாயத்தை நான் பார்க்கவில்லை.

என்னிடம் விலையே சொல்ல முடியாத படம் ஒன்று இருந்தது. துதிக்கையில் தாமரை ஏந்திய யானை, பின்னால் மஞ்சள் சூரியன். அச்சில் சிவப்பு நகர்ந்துபோய்த் தாமரையின் நிறம் தாமரைக்குப் பக்கத்தில் விழுந்திருக்கும். கீழே இந்தி எழுத்து. ராமேஸ்வரம் பார்த்துவிட்டுக் கன்னியாகுமரிக்குப் போகிற வடநாட்டு யாத்ரீகர்கள் நடுவில் எங்கள் ஊரிலும் இறங்குவார்கள். அவர்களில் யாரோ போட்டுவிட்டுப் போனது. டெல்லிப் படம் என்று நாங்கள் முடிவு கட்டினோம். அதை நான் வட்டத்தில் வைத்ததே இல்லை. பார்ப்பதற்குக்கூட ஒரு கிளி வாங்கினேன்.

அப்பா பூசைச் சாமான் கடை வைத்திருந்தார். அவர் கழித்துப் போட்ட பேரேடுதான் என் ஆல்பம். ஒரு பக்கம் தேங்காய், சூடம், பத்தி பாக்கி. மறுபக்கம் என் படங்கள். படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாவற்றையும் தாண்டி அது அலமாரியில் இருந்தது. உறவுக்காரர்கள் கூடும்போதெல்லாம் யானைக் கதையைச் சொல்வேன். வருஷத்துக்கு வருஷம் கதை மெருகேறியது. அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கையில் காசு கிடையாது, ஆனாலும் எவ்வளவு சந்தோஷம், இப்போதைய பிள்ளைகளுக்குச் செல்போனை விட்டால் ஒன்றும் தெரியாது என்று முடிப்பேன். இந்தப் பேச்சு என்னைப் போன்ற ஐம்பது வயதுக்காரர்கள் எல்லாருக்கும் மனப்பாடம்.

அண்ணன் மகன் டெக்சாசில் இருக்கிறான். விடுமுறைக்கு வந்திருந்தபோது தன் பையன் சேர்க்கிற பேஸ்பால் அட்டைகளைக் காட்டினான். அந்த ஊரில் இது நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பழக்கம். ஆரம்பத்தில் சிகரெட் பெட்டிக்குள் வைத்தார்கள், பிறகு பபிள்கம்மோடு கொடுத்தார்கள். 1952ல் டாப்ஸ் கம்பெனி வெளியிட்ட, மிக்கி மேன்டில் என்ற ஆட்டக்காரரின் அட்டை ஒன்று 2022ல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த அட்டை ஏன் அரிதானது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. அந்த வருஷத்து வரிசையில் கடைசியாக வந்த அட்டைகள் விற்கவில்லை. கிடங்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தவற்றை 1960ல் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அட்டையை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று கொட்டியதால் மிச்சத்துக்கு விலை வந்தது.

எனக்கும் வீம்பு. போய்ப் பேரேட்டை எடுத்து வந்தேன்.

மதினி முற்றத்தில் சுளகில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டுக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, நான் படம் காட்டுகிற கூட்டத்தில் அவர்கள் உட்கார்ந்ததில்லை. அடுப்படியில் யாராவது இருக்க வேண்டுமே. அன்றைக்கு நான் யானையைத் திருப்பி, டெல்லிப் படம் என்று ஆரம்பித்ததும் மதினி எட்டிப் பார்த்தார்கள்.

“இது டெல்லியா? யாரு சொன்னா? இது எங்கூரு ஆனைல்லா.”

மதினிக்கு எட்டயபுரம் பக்கத்துக் கிராமம். “வடக்க போற லேபிளு, தம்பி. அதான் இந்தி எழுத்து. இந்த ஆனைய ஒரு வருசம் பூரா நான் ஒட்டிருக்கேன்.”

திருச்செந்தூரிலிருந்து கோவில்பட்டி ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அந்தப் பக்கத்தில் ஒரு தீப்பட்டி ஆபீஸில் ஒட்டிய யானை, லாரியேறி வடக்கே போய், அங்கே ஏதோ ஒரு கடையில் விற்று, ஒரு யாத்ரீகர் பையில் திரும்ப இறங்கி வந்து என் காலடியில் விழுந்திருக்கிறது. எனக்கும் மதினிக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் யானையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காத்திருந்த வருஷங்களில்தான் அவர்கள் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி பக்கம் தொழிற்சாலை என்று சொல்ல மாட்டார்கள், தீப்பட்டி ஆபீஸ்தான். 1922ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் பழகிக்கொண்டு அடுத்த வருஷம் திரும்பி வந்து தொடங்கியது. அதே 1923ல்தான் ஸ்வீடன்காரர்களின் விம்கோ கம்பெனியும் இந்தியாவில் கால் வைத்தது. அவர்களிடம் இயந்திரம் இருந்தது. நம் ஆட்களிடம் கரிசல் பூமியும் மழை பெய்யாத வானமும் இருந்தன. காய்ந்த காற்று குச்சிக்கும் மருந்துக்கும் நல்லது, பயிருக்குத்தான் ஆகாது. விளையாத ஊரில் கூலிக்கு ஆள் கிடைக்கும். கையால் செய்கிற பெட்டிக்கு அரசு கலால் வரியைக் குறைத்து வைத்ததும் சேர்ந்துகொண்டது. பெட்டிக்கு லேபிள் வேண்டும் என்பதால்தான் சிவகாசியில் அச்சுத்தொழிலே வளர்ந்தது. பிறகு காலண்டர், வாழ்த்து அட்டை என்று விரிந்தது. நேரு அந்த ஊரைக் குட்டி ஜப்பான் என்றாராம். 1990ல் சலம் பென்னூர்க்கர் எடுத்த ஆவணப்படத்துக்குக் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்று பெயர்.

தீப்பட்டி ஆபீஸில் பிள்ளைகள் வேலை செய்த விஷயம் எனக்குத் தெரியாததல்ல. 1986ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. திண்ணையில் பேப்பர் படித்துவிட்டு இது அநியாயம், அக்கிரமம் என்று அண்ணனிடம் வாதாடியிருக்கிறேன். அப்போது மதினி உள்ளே இட்லி அவித்துக்கொண்டிருந்திருப்பார்கள். பெண் பார்க்கப் போனபோதே தீப்பட்டி ஆபீஸுக்குப் போன பிள்ளை என்று சொல்லித்தான் பேசினார்கள். அந்தச் செய்தி ஒரு அறையில், பேரேடு ஒரு அறையில், மதினி ஒரு அறையில். மூன்றையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்குக் கீரைச் சுளகை நகர்த்திவிட்டு மதினி செய்து காட்டினார்கள். பலகையில் பசையைத் தடவி, லேபிள்களை அதன்மேல் விரிக்க வேண்டும். இடது கை பெட்டியை எடுக்கும்போதே வலது கை விரல் லேபிளைத் தொட்டுத் தூக்கியிருக்க வேண்டும். ஒரே இழுப்பு, ஒரே தடவல், பெட்டி பின்னால் போய்விடும். நாற்பது வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கை ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை.

பிறகு என் படங்களைப் படிக்க ஆரம்பித்தார்கள். நான் அதுவரை முகத்தைத்தான் பார்த்திருந்தேன். ஒட்டாமல் விட்ட ஒரு மூலையைத் தூக்கி, “இங்கன பசை நிக்கல பாருங்க. பொழுதடைய ஒட்டுனது. கை அசந்துபோயிருக்கும்” என்றார்கள். ஓரமாகப் படிந்திருந்த பெருவிரல் அடையாளத்தை நான் அச்சுப்பிழை என்று வைத்திருந்தேன். “சின்னப் பிள்ளை வெரலு. புதுசா வந்து சேந்ததா இருக்கும்.” கோணலாக ஒட்டியதைப் பார்த்ததும் சிரித்தார்கள். “இதுக்கு ஏச்சு விழுந்திருக்கும்.”

இருட்டோடு இருட்டாக பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகுமாம். மதினியின் ஆச்சி, கையில் தூக்குவாளியைக் கொடுத்துத் தூக்கத்திலேயே ஏற்றிவிடுவாளாம். கூலி குரோஸ் கணக்கு, ஒரு குரோஸ் 144 பெட்டி. முதலில் லேபிள், அப்புறம் கட்டை அடுக்க மாற்றிவிட்டார்கள். பள்ளம் வெட்டிய சட்டத்தில் குச்சியை ஒவ்வொன்றாக நிறுத்தும் வேலை. அதற்கு விரல் சின்னதாக இருந்தால் நல்லது என்று சொல்வார்களாம்.

“ஒண்ணாவது எடுத்து வச்சுக்கிடலயா மதினி?” என்று கேட்டேன். சேகரிப்பவனுக்கு வேறு கேள்வி தோன்றாது.

“எதுக்கு? கட்டுக் கட்டா கெடக்கும், பாத்தாலே கண்ணு வலிக்கும். அதுபோக எண்ணில்லா குடுப்பாக. கொறைஞ்சா கூலில புடிப்பாக.” கொஞ்சம் யோசித்துவிட்டு, “நான் வளையத் துண்டு சேத்தேன். ஆபீஸுக்குப் பின்னால வளையக்காரரு கொட்டிட்டுப் போவாரு. பச்சை வளையலு கெடைக்கவே கெடைக்காது. எங்கிட்ட மூணு இருந்துச்சு” என்றார்கள். அந்த மூணைச் சொன்னபோது முகத்தில் இருந்த கர்வத்தை நான் அடையாளம் கண்டுகொண்டேன். யானைக் கதை சொல்லும்போது என் முகத்தில் வருவது.

அண்ணன் மகன், “அம்மா, நீங்க இதெல்லாம் சொன்னதே இல்லையே” என்றான். “நீ எங்க கேட்ட” என்று கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அன்றைக்கு அவ்வளவுதான்.

இப்போது தீப்பெட்டி விலை 2 ரூபாய். பதினாலு வருஷம் 1 ரூபாயாகவே இருந்து 2021 டிசம்பரில்தான் ஏறியது. வெளிநாட்டு லைட்டர் வந்து தொழிலை அடிக்கிறது என்று கோவில்பட்டிக்காரர்கள் முறையிட்டுக்கொண்டே இருந்தார்கள். 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதியை 2023ல் மத்திய அரசு தடை செய்தது. அடுக்குவதையும் மருந்து முக்குவதையும் பல இடங்களில் இயந்திரம் எடுத்துக்கொண்டது. படம் அட்டையிலேயே அச்சாகி வருவதால் பிய்க்கவும் வழியில்லை.

பேரேட்டை விற்கச் சொல்லி அண்ணன் மகன் யோசனை சொன்னான். பழைய லேபிளுக்கு இணையத்தில் ஆள் இருக்கிறதாம். இருக்கட்டும். நான் வேறு வேலை தொடங்கியிருக்கிறேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து மதினி கொஞ்சம் கட்டையைச் சாய்க்கிற நேரத்தில் பேரேட்டோடு போய் உட்காருகிறேன். ஒவ்வொரு படத்துக்கும் எந்தப் பக்கத்து ஆபீஸ், எந்த ஊருக்குப் போனது, பசை எப்படி, ஒட்டிய கை எப்படி என்று அவர்கள் சொல்வதைத் துண்டுத்தாளில் எழுதிப் பக்கத்தில் செருகுகிறேன். சில நாள் சலித்துக்கொள்கிறார்கள். சில நாள் நான் எழுதியது தப்பென்று திருத்துகிறார்கள். கிளி விஷயத்தில் நாங்கள் சாதித்தது முழுக்கத் தவறாம். போலி என்று நாங்கள் கொண்டாடிய வலது பக்கக் கிளியும் அசலும் சில காலம் ஒரே ஆபீஸில்தான் ஒட்டப்பட்டனவாம்.

போன வாரம் கப்பல் பக்கம் வந்தது. வட்டத்தில் 500 மதிப்பு. எத்தனையோ கிளிகளைக் கொடுத்து வாங்கியது. மதினி கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு பார்வை பார்த்தார்கள்.

“இது மிசின் பெட்டி. நமக்கு என்ன தெரியும். அடுத்ததத் திருப்புங்க.”